கோரா பார்த்த ஆரஞ்சுத் திட்டு

மிச்சிகன் ஏரிக்கரைப் பழத்தோட்டங்களில் பூச்சி பார்ப்பது யார் என்று கேட்டால் கோரா ஸ்லாகர் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டினால், கர்த்தரின் ஓய்வுநாளில் வேலையா என்று வேலிக்கு மேலே எட்டி அதட்டுவது யார் என்று கேட்டாலும் அதே பெயர்தான். நான் பக்கத்துத் தோட்டக்காரி. அந்த அதட்டலை நிறையவே வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மரங்களில் தொங்கவிட்ட பூச்சிப் பொறிகளின் பசை அட்டையில் ஒட்டிய அந்துப்பூச்சிகளை இனம் பிரிப்பது அவள் வேலை. பீச் பழத்தைத் துளைக்கும் அந்து வெறும் சாம்பல் நிறம். அதே சாயலில் இன்னொன்று உண்டு. அதற்கு இறக்கையில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும், பீச்சுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. இரண்டும் ஒரே பொறியில் வந்து விழும்.

அந்த வாரம் அவளுக்கு முட்டிவலி. தம்பி ஹார்மின் பீச் தோட்டத்தில் அட்டையை வெளியே உருவாமல், குனிந்து பொறிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "திட்டு இருக்கு, மருந்து வேண்டாம்" என்று அவனிடம் சொல்லிவிட்டாள். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. போய் அட்டையை உருவினாள். வெயிலில் ஒரு திட்டும் இல்லை. அவள் பார்த்த ஆரஞ்சு, பொறியின் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூரை வழியாக உள்ளே விழுந்த சாயம்.

அன்று ராத்திரியே மழை பிடிக்கும், நாலைந்து நாள் விடாது என்று ரேடியோ சொல்லியிருந்தது. மழை விடும்வரை மருந்தடிக்க முடியாது. அதற்குள் புழு பழத்துக்குள் போய்விட்டால் ஹார்முக்கு இந்த வருஷ விளைச்சல் அவ்வளவுதான். ஆராதனை முடிந்து வாசலில் அவனைப் பிடித்தாள்.

"தப்பாப் பாத்துட்டேன்டா. எல்லாமே சாம்பல். இப்பவே மருந்தடிக்கணும்."

"ஞாயித்துக்கெழமையா? நான் டிராக்டர்ல ஏறுனா நீயே என் காதத் திருகுவியேக்கா!"

"திருகுவேன்தான். அதனாலதான் நான் ஏறப்போறேன். சாவியக் குடு."

"ஊரே பாக்கும்க்கா."

"பாக்கட்டும். தப்பாப் பாத்தது நான்தானே?"

சர்ச்சிலிருந்து திரும்பிய கார்களெல்லாம் அவன் தோட்டத்தில் கோரா டிராக்டரில் மருந்தடிப்பதைப் பார்த்து வேகம் குறைத்தன. எங்கள் காரும்தான். "இன்னைக்குக் கோராவ யாரு அதட்டுறது?" என்று சிரித்தார் என் கணவர். எனக்குச் சுருக்கென்றது. "வாய மூடிட்டு ஓட்டுங்க" என்றேன்.

சாயங்கால ஆராதனைக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். குளித்தும் மருந்து வாடை போகவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்துகொண்டார்கள். எப்போதும் கடைசி வரிசையை விட்டு அசையாத ஹார்ம் எழுந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"தள்ளி உக்காருடா, நாறுது" என்றாள் கோரா.

அவன் தள்ளி உட்காரவில்லை.