அக்னெஸ் பூட்டிய ஆணிகள்

2004ஆம் ஆண்டு தை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. மொன்ரியாலின் செயின்ட்-மிஷேலில், பனியில் ஓடுகிற ஸ்னோமொபில் வண்டி திருத்தும் கடையொன்றில் முதலாளி கில்பேர் எல்லோருக்கும் கேட்கும்படி அக்னெஸைக் கைகாட்டினான்.

"இந்தப் பொம்பிளைதான் பூட்டினது. பாருங்கோ, பேரும் எழுதியிருக்கு."

எதிரே நின்றவர் லாவாலில் இருந்து வந்த றொலான்ட். முதல்நாள் உறைந்த ஏரி நடுவில் அவருடைய வண்டி நின்றுவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரெல்லாம் ஒழுகிப்போய், இரண்டு மணித்தியாலம் பனிக்காற்றில் நின்றிருக்கிறார். மனுசருக்குக் கோபம் வந்ததில் பிழையில்லை.

அக்னெஸ் மன்னார் வங்காலைக்காரி. மொன்ரியாலுக்கு வந்து பத்து வருசம் தையல் ஃபக்டரியில் இருந்தாள். அது மூடப்பட்டதும் இந்தக் கடையில் நிலம் கூட்டத்தான் சேர்ந்தாள். ஸ்னோமொபிலின் ரப்பர் பட்டியில் ஐஸைப் பிடிக்கிற ஆணி பூட்டுவது முதலாளியின் மருமகன் ஸ்தெபானின் வேலை. அவன் நாலு ஆணி பூட்டிவிட்டு சிகரெட் பிடிக்கப் போய்விடுவான். துளைகள் கோணலாக விழும், பட்டி கிழியும். ஒருநாள் அக்னெஸ் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் துளைக்கிற கருவியைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று வருசமாய் அந்த வேலை அவளுடையதுதான்.

அளந்து புள்ளி வைப்பாள். சில்லு ஓடுகிற தடத்தில் ஆணி வராமல் விலக்குவாள். உள்ளே இருந்து ஆணியைத் தள்ளி, வெளியே தகடு வைத்து நட்டை இறுக்குவாள். ஒரு பட்டிக்குத் தொண்ணூற்றாறு ஆணி. அவள் பூட்டிய பட்டி ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஆனால் வேலைத்தாளில் 'செய்தவர்' என்ற இடத்தில் கில்பேர் எப்போதும் ஸ்தெபானின் பெயரைத்தான் எழுதுவான். அவள் கேட்டபோது, "ஒரு பொம்பிளை பூட்டினது எண்டா ஆக்கள் வரமாட்டினம்" என்று சிரித்தான்.

றொலான்டின் வண்டிக்கு ஆணி பூட்டக் கார்த்திகையில் எடுத்தபோதே அவள் அளவுகோலை வைத்துக் காட்டியிருந்தாள். "மிஸ்யே கில்பேர், இந்த ஆணி நீளம் கூட. பட்டி சுத்தேக்க மேல இருக்கிற, தண்ணி ஓடுற அலுமினியக் கூட்டில இடிக்கும். காப்புப் பட்டை போட வேணும்."

காப்புப் பட்டை கடையில் முடிந்துபோயிருந்தது. "நீ பூட்டு. யோசிக்கிறது என்ர வேலை" என்றான் கில்பேர். பூட்டினாள்.

இப்போது அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். ஸ்தெபானின் பெயர் வெட்டப்பட்டு, அதற்கு மேலே புது மையில் அவளுடைய பெயர் இருந்தது. மை காயக்கூட இல்லை.

அக்னெஸுக்கு உச்சி வரைக்கும் கொதித்தது. நல்லாய் வந்த அத்தனை பட்டியும் ஸ்தெபானுக்கு. பிழையாய்ப்போன ஒன்று அவளுக்கு!

"இங்க வாங்கோ" என்று றொலான்டைக் கூப்பிட்டாள். அவளுடைய பிரெஞ்சு உடைந்த பிரெஞ்சுதான். ஆனாலும் அன்றைக்கு நிற்காமல் வந்தது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டோர்ச் அடித்து, கையால் பட்டியைச் சுற்றினாள். "ஒரு ஆணியாவது கழண்டிருக்கோ? ஆட்டிப் பாருங்கோ."

அவர் ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"மேல பாருங்கோ. ஆணி கீறின கோடு. அந்தக் கோட்டிலதான் ஓட்டை. இது பூட்டினதில வந்த பிழையில்லை, நீளத்தில வந்த பிழை. நான் சொன்னனான்." திரும்பினாள். "ஸ்தெபான், நீ பக்கத்தில நிண்டனீ. சொன்னனானோ இல்லையோ?"

ஸ்தெபான் தன் சப்பாத்தைப் பார்த்தான். மாமனைப் பார்த்தான். "சொன்னவ" என்றான் மெல்ல.

றொலான்ட் கில்பேர் பக்கம் திரும்பினார். கில்பேரின் கழுத்துச் சிவந்தது. கடைச் செலவில் எல்லாம் திருத்தித் தருவதாக முணுமுணுத்து, "நீயே செய், அக்னெஸ்" என்றான்.

"புதுத் தாள் எடுங்கோ. முதல் என்ர பேரை எழுதுங்கோ. பேந்துதான் தொடுவன்."

எழுதினான். மன்னிப்புக் கேட்கவில்லை.

பின்னேரம் வீட்டில் புருசன் தேவதாசன், "சரி விடப்பா, வேலை போகேல்லைத்தானே" என்றார். அவள் கறிச்சட்டியை டொக்கென்று அடுப்பில் வைத்தாள். "வேலை போகேல்லை. அதுக்காக நான் சந்தோசப்படவோ?"

மேலும் இரண்டு பனிக்காலம் அங்கே வேலை செய்தாள். கார்த்திகை பிறந்தால் றொலான்ட் அவளைத்தான் கேட்டு வருவார். பிறகு ரொக்ஸ்பரோவில் வேறொரு கடைக்கு மாறினாள். கோபம் மட்டும் ஆறவில்லை.

"என்னில பழி போட்டதைக்கூடப் பொறுத்திருப்பன்" என்பாள். "மூண்டு வருசம் எழுதாத பேரை, பழி போட எண்டவுடன ஒரு எழுத்துப் பிழையில்லாமல் எழுதினானே. அதைத்தான் பொறுக்கேலாது."