வலது கையும் இடது காதும்

குடவாசல் பக்கம் அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த தேதியெல்லாம் கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் வயது வந்துவிட்டது, அவ்வளவுதான். என் மகளுக்கு வலது கை பிறவியிலேயே மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும். ஏழு வயது முடிந்தும் அது காதுக்கு எட்டவில்லை. எட்டாது என்று தெரிந்தே ஒவ்வோர் ஆனியிலும் தலைமை ஆசிரியர் தொடச் சொல்வார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்.

அந்த வருஷம் அவரே ஒரு யோசனையும் சொன்னார். "தஞ்சாவூர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு விடுதியோட பள்ளிக்கூடம் இருக்கு. அங்க கொண்டுபோய் விட்டுடுங்க. உங்களுக்கும் நிம்மதி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிம்மதி வேண்டும் என்று இவரிடம் யார் கேட்டார்கள்? என் மகள் பேருந்துப் பலகையைப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கூட்டப் பழகியவள். வாய் வேறு காது வரை நீளும். விடுதிப் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கட்டும். வாய்க்காலைத் தாண்டினால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்போது அவள் ஏன் என்னை விட்டுப் போக வேண்டும்?

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர், "போகட்டும் விடு" என்றார். குத்தகை நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி மிராசுதார் ஆள் அனுப்பியபோது, வயலில் செங்கொடியை நட்டுவிட்டு நகராமல் நின்ற மனிதர் அவர். தோளில் துண்டு போட்டு மேலத்தெருவில் நடந்ததற்காக அவருடைய அப்பா அடிவாங்கியிருக்கிறார். இவர் தோளிலும் கிடந்த அந்தத் துண்டு பள்ளிக்கூட வாசலில் தானாக இடுப்புக்கு இறங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் நடவுக்குப் போகாமல் இரண்டு பேரையும் மறுபடி இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் துண்டு இறங்கியது. அதை உருவி அவர் தோளிலேயே போட்டேன். "இது இங்கயே கிடக்கட்டும். கீழ இறக்குனீங்கன்னா வீட்டுல சோறு கிடையாது." அவர் சிரிக்கவில்லை. இறக்கவும் இல்லை.

"காதைத் தொடு பாப்பா" என்றார் தலைமை ஆசிரியர்.

மகள் இடது கையைத் தலைக்கு மேல் வளைத்து வலது காதைப் பிடித்தாள். பிடித்ததோடு விடாமல் முறுக்கியும் காட்டினாள்.

"வலது கையால தொடணும்மா. அதான் வழக்கம்."

"வழக்கத்தைப் பாத்தா எங்க வீட்டுக்காரர் தோள்ல துண்டே கிடக்கக் கூடாது சார். கிடக்குது பாருங்க" என்றேன். "எழுதப்போற கையால தொட்டுட்டா. சேர்த்துக்குங்க. சேர்க்காம நாங்க போறதா இல்ல."

வீட்டுக்காரர் மேசைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எங்கள் தெருக்காரர் யாரும் அதுவரை அதில் உட்கார்ந்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தலைமை ஆசிரியர் துண்டைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"பிள்ளை பேரு என்ன?"

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் வாய் திறப்பதற்குள் மகளே சொன்னாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி.