தனி ஆவர்த்தனத்தில் அழாத குழந்தை

இன்று மாலை மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், மைக் இல்லாமல் வீணைக் கச்சேரி. கல்லூரி நாளிலிருந்தே நான் உயிராக நினைக்கும் வித்வான். எட்டு மாதப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு மிருதங்கத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அழுதால் எழுந்து போய்விடலாம் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன்.

அழவில்லை.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் கூடத்தையே அதிரவைத்தார். பின்னால் ஒரு கைக்குழந்தை வீறிட்டு, அதன் அம்மா வெளியே ஓடினாள். என் பெண் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என் தலைப்பைச் சப்பியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமைகூட அசையவில்லை.

பக்கத்து மாமி பூரித்துப்போனாள். "என்ன சமத்து பாருடி. சங்கீதம் ரத்தத்துலயே இருக்கு."

முடிந்ததும் வித்வானே குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "என் கச்சேரில அழாத முதல் குழந்தை இவதான்."

தொட்டதும் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இவளுக்கு ஒரு வீணை வாங்கிட வேண்டியதுதான்."

நான் அவள் காதுக்குப் பின்னால் வளையல்களைக் குலுக்கினேன். இன்னும் பலமாகக் குலுக்கினேன். முன் ஸீட்டுக்காரர்தான் திரும்பினார்.

"இன்னாம்மா, ஒரு மனுசன் தூங்கக் கூடாதா?"

காலையில் டாக்டரிடம் போகிறோம். இப்படி இருந்துவிட்டுப் பிறகு நன்றாகக் காது கேட்ட குழந்தை உங்கள் வீட்டில் உண்டா, எழுதுங்கள். சமத்து என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.