அத்தை குடிக்காத பால்

எருமையின் நாக்கு காய்ந்த தோலில் உரசும்போது தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், பம்பாய் தாராவியில் நாங்கள் இருந்த 'சால்' என்கிற வரிசைக் குடியிருப்புக்குப் பின்னால் எருமைகளைக் கட்டியிருந்த 'தபேலா'விலிருந்து விடியற்காலையில் வரும் அந்தச் சத்தத்தில்தான் நான் கண்விழிப்பேன். எருமை நக்கிக்கொண்டிருந்தது தன் கன்றை அல்ல, செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்து, நாலு குச்சிகளைக் காலாகச் செருகி நிறுத்திய பொம்மையை. தாய் அதை நக்க நக்க மடி சுரக்கும், 'பையா' என்று நாங்கள் கூப்பிடும் வடநாட்டுப் பால்காரர் கறந்து முடித்துவிடுவார். கன்று சீக்கு வந்து சாகவில்லை. கடாக்கன்றுக்குக் கொடுக்கும் பால் வீண் என்று, ஒரு வாய்கூடக் கொடுக்காமல் வெயிலில் கட்டிப்போட்டுச் சாகவிடுவார்கள்.

இதைச் சாலில் இருந்த எல்லாரும்தான் பார்த்தோம். வாயைத் திறந்து கேட்டவள் ஒருத்திதான், என் அப்பாவின் தங்கை பேச்சியம்மாள் அத்தை. பிள்ளையில்லை, புருஷனும் போய்விட்டார் என்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். அந்த அண்ணனோ டீக்கடைக்காரர், கடைக்குப் பால் வருவதோ அதே தபேலாவிலிருந்து. வீடு ரெண்டுபட இது போதாதா? அத்தை பாலைத் தொடாமல் கடுங்காப்பிக்கு மாறினாள். விடியுமுன்பே தபேலா வாசலில் போய் நின்று, தன் அரைகுறை இந்தியில், "பஹ்லே பச்சா பீயேகா" என்று கன்றை முதலில் குடிக்கவிடச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். சாகக் கிடக்கும் கன்றுகளைத் தூக்கிவந்து மாடிப்படிக்கு அடியில் கிடத்திக் கஞ்சி புகட்டுவாள். எங்கள் கடைக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, "கன்னுக்குட்டி வாயில அடிச்சுப் புடுங்குன பாலு, ஒங்களுக்கெல்லாம் எப்படிய்யா தொண்டையில எறங்குது?" என்று கேட்பாள். "எருமை வக்கீலு வந்துட்டா" என்று சிரிப்பார்கள். டீயில் பால் கொஞ்சம் நீர்த்திருந்தால் கடையையே புரட்டிப் போடுகிற அதே மகராசன்கள்தான். "ஏட்டி, எம் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனாலும் அவள் ஜெயித்தாள். தொல்லை தாங்காமல் பையா கன்றுகளுக்கு ஒரு காம்பை விட்டுக்கொடுத்தார். வைக்கோல் கன்று பரணுக்குப் போனது. கன்றுகள் முட்டி முட்டிக் குடிப்பதைப் பார்க்க அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு போவாள்.

அப்புறம் அவள் மார்பில் கட்டி வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது புற்றுநோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவள் படுக்கையில் விழுந்த மாதமே வைக்கோல் கன்று பரணிலிருந்து இறங்கியது. பார்க்க வந்த பெண்கள் வாசலைத் தாண்டும்போதே, "பால வெறுத்தால்லா, அது ஊறுற எடத்துலயே வந்துட்டு பாத்தியளா" என்று பேசிக்கொண்டு போனார்கள். அவள் காதில் விழும்படியாகத்தான் பேசினார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

 அத்தை அண்ணனிடம் மட்டும், எங்கள் எல்லார் முன்னிலையிலும், "அண்ணே, உசிரு போறப்ப எவ் வாயில அந்தப் பால ஊத்திராத. தண்ணி ஊத்து, போதும்" என்றாள். "சரிம்மா, ஊத்தல" என்று அப்பாவும் சொன்னார்.

கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. பாண்டுப்பிலிருந்து வந்திருந்த பெரியப்பா, "பால ஊத்துங்கல, அதுக்குத்தான் உசிரு தவிக்கி" என்றார். அவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள் என அப்பா இழுத்தார். "சாகப்போறவ பேச்சப் பெருசா எடுக்கியா? பால் ஊத்தாம அனுப்புனா நாளைக்கு ஊர்ல எவன் மொகத்துல முழிப்ப?" என்று பெரியப்பா அதட்டினார். அவ்வளவுதான், தங்கை மேல் உயிரையே வைத்திருந்த என் அப்பா, ஊர் வாய்க்குப் பயந்து தூக்குச்சட்டியோடு தபேலாவுக்குப் போனார். அது சாயங்காலக் கறவை நேரம். வைக்கோல் கன்றை நக்கவிட்டுத்தான் அந்தப் பாலையும் கறந்தார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன்.

அப்பா பாலாடைச் சங்கை அவள் வாயருகே கொண்டுபோனார். அத்தைக்கு நினைவு இருந்தது. அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். பெரியப்பா தாடையைப் பிடித்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. "குடிச்சிட்டா, நிம்மதியாப் போய்ட்டா" என்று அவர் எல்லாருக்கும் அறிவித்தார். செத்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்ட ஒரே ஒரு காரியத்தைச் செய்ய அந்த அறையில் ஓர் ஆண்பிள்ளைக்கும் தைரியமில்லை.

அந்தத் தபேலா இன்று இல்லை, அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. எருமைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். செம்பூரில் என் வீட்டுக் கதவில் காலையில் பாக்கெட் பால் தொங்குகிறது, கன்றுகள் என்ன ஆகின்றன என்று கேட்கிற ஆளைக் காணோம். ஆனால் கல்யாண வீடுகளில் சொந்தபந்தங்கள் கூடினால் மட்டும், "எவ்வளவு வீம்பு பிடிச்சா, கடைசியில அண்ணன் கையால பால் குடிச்சிட்டுத்தான போனா" என்று இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவள் குடிக்கவில்லை. பால் கழுத்து வழியாக ஓடித் தலையணையை நனைத்தது. வாயைத் துடைத்துவிட்டவள் நான், ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.