ஸலூஹாவின் துணிக்கொடி

துனீசியக் கடலோரத்து உர ஆலை விஷவாயுவைத் திறந்துவிடும். ஊருக்கு ஒரு சங்குகூட ஊதாது. அங்கே வேலை பார்க்கும் ஹேதிதான் மனைவி ஸலூஹாவுக்குத் திருட்டுத்தனமாக ஃபோன் செய்து, "துணிய எடுத்துடு" என்பான். வெளியே சொன்னால் அவன் வேலைக்கு வேட்டு. அதனால் அவள் வாயைத் திறக்காமல் மாடிக்கொடித் துணிகளை அள்ளுவாள். அதைப் பார்த்துத் தெருவே பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தும். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு ஒரு காது ஃபோனில்தான்.

அன்று ஃபோன் வரவில்லை. துணி கொடியிலேயே கிடந்தது. பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்த தெருவுக்குள் மஞ்சள் புகை புகுந்தது.

மூச்சுத் திணறும் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு துராயா கத்தினாள்: "அடிப்பாவி, உன் துணிய நம்பித்தானேடி புள்ளைய வெளிய விட்டேன்!"

ஸலூஹா திரும்பக்கூட இல்லை. ஹேதியை அழைத்துக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது; எடுக்கத்தான் ஆளில்லை.