இஞ்ஞாசியின் தாடி

இஞ்ஞாசி படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியை யாராவது குறை சொல்லிவிட்டால், கல்லூரியையே அவன் அப்பன் கட்டிக் கொடுத்த மாதிரி சண்டைக்கு வருவான். தூத்துக்குடித் துறைமுகத்தில் நாங்கள் இருவரும் டாலி கிளார்க்குகள். தோணியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணுவது வேலை. வேலை முடிந்ததும் நேரே கல்லூரி மைதானத்து மதிலில் ஏறி உட்கார்ந்து, எங்கள் பையன்கள் வாங்குகிற கோல்களை எண்ணுவோம்.

அவர்கள் ஜெயித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதிலில் இரண்டு கட்சி. இன்றைக்கு ஜெயிக்கும் என்கிற கட்சியில் இஞ்ஞாசி ஒருத்தன்தான். ஜெயிக்காது என்கிற கட்சிக்கு நான் தலைவன்.

"ஏலே இஞ்ஞாசி, அந்த கோல்கீப்பருக்குப் பதிலா நாலு உப்பு மூட்டைய அடுக்கி வச்சாக்கூட ரெண்டு பந்து நிக்கும்லே" என்பேன்.

"காத்து எதுக்க அடிக்கி. ஒனக்குக் கண்ணு தெரியலியா?" என்பான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும். அப்போதும் அவன் கட்சிக்குக் காற்று எதிரில்தான் அடிக்கும்.

எழுபத்து நாலில் அந்தோணியார் கோயில் கொடியேற்றத்தன்று அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. முந்தின வாரம் ஐந்து கோல் வாங்கிய சூடு ஆறவில்லை போலும். பீடத்தில் இருந்த அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால், என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, நேர்ச்சை போட்டுவிட்டான். பையன்கள் ஒரு மேட்ச் ஜெயிக்கும்வரை தன் முகத்தில் கத்தி படாதாம். "அப்ப தாடியோடதான் ஒன்னயப் பெட்டியில வைக்கணும்" என்றேன். சிரித்தான்.

அடுத்த மாதமே புன்னைக்காயலில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் ஆக்னஸ். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பயல் மூட்டைக் கணக்கில் தப்பு விட ஆரம்பித்தான். அவ்வளவு பிடித்துப்போயிற்று. அப்போது கன்னத்தில் முள்ளு முள்ளாகத்தான் இருந்தது. பேச்சு இழுத்து, ஒரு வருஷம் கழித்துக் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது தாடி நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆக்னஸின் அம்மா அந்தோணியம்மாள் ஆள் மூலம் சொல்லிவிட்டாள், மாப்பிள்ளை தாடியை எடுத்தால்தான் கல்யாணம் என்று.

பங்குச் சாமியாரிடம் கேட்டு நேர்ச்சையை மெழுகுதிரியாக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். "தாடின்னு சொல்லிட்டு மெழுகுதிரிய நீட்டுனா அந்தோணியாருக்குத் தெரியாதாலே?" என்று என் மேலேயே பாய்ந்தான்.

கல்யாணத்துக்கு முன் மிச்சம் இருந்தது ஒரே மேட்ச். வெளியூர்க் கல்லூரியோடு. சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் கோல் நம்முடையது! எதிர்க்கட்சித் தலைவன் என்பதையும் மறந்து நான் மதிலில் இருந்து குதித்து, இஞ்ஞாசியின் தாடியைப் பிடித்து ஆட்டினேன். கடைசிக் கால் மணிவரை அந்த ஒரு கோலைக் கட்டிக் காத்தார்கள். பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். நானே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவன் மட்டும் மைதானத்துக்குள் போய் ஒவ்வொரு பையன் முதுகிலும் தட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் இருவரும் புன்னைக்காயலுக்கு பஸ் ஏறினோம். எங்களைப் பார்த்ததுமே அந்தோணியம்மாளின் முகம் கறுத்தது.

"கோயில்ல எம்பொண்ணு பக்கத்துல நிக்கப்போறது மாப்ளயா, சாமியாரா? ஊரு சிரிக்கும். செரச்சிட்டு வாங்க, இல்லன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ருங்க."

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டான். "மாமி, எனக்கு ஆக்னஸத்தான் கட்டணும். ஆனா இத எடுக்கச் சொல்லாதிய" என்றான். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அடுக்களை வாசலில் இருந்து ஆக்னஸ் வெளியே வந்தாள்.

"எம்மா, தோத்துக்கிட்டே கெடக்க டீமுக்கே இந்த மனுசன் வருசக்கணக்கா இப்பிடி நிக்காரு. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நிக்க மாட்டாரா? தாடியோடயே கட்டிக்கிடுதேன்."

அந்தோணியம்மாள் மகளைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள். பிறகு காப்பி போட உள்ளே போனாள்.

கல்யாணத்துக்குப் பையன்கள் பதினொரு பேரும் ஜெர்சியோடு வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டில் அவர்களை எந்தக் கல்லூரியும் ஜெயிக்க முடியாது. போட்டோவில் இஞ்ஞாசியின் தாடிக்கு நடுவில் பல் மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த சீசன் முதல் மேட்ச்சுக்கு ஆக்னஸும் வந்தாள். மதிலோரம் என் பக்கத்தில் நின்றாள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றுக்கொண்டிருந்தோம். இஞ்ஞாசி மதில் மேலே காற்றைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"சிலுவை அண்ணே, நீங்க சொல்லுங்க. நம்மாளுக ஜெயிப்பாங்களா?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னும் பத்து நிமிசம் கெடக்குல்லா தாயி" என்றேன்.