லேப்புப் புள்ள பார்த்த மிளகாய்

எந்தச் செடியைக் கண்டாலும் சத்யா இலையைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் நகரமாட்டாள். கல்யாண வீட்டு வாசலில் கட்டிய வாழையையும் விட்டதில்லை. "மாப்பிள்ளையப் பாருடின்னா எலையப் பாக்குறா" என்று பெண்கள் சிரிப்பார்கள். "மாப்பிள்ளைக்கு அசுவினிப் பூச்சி ஏறாதுல்ல" என்பாள் இவள்.

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், செடிகளைத் தாக்கும் வைரஸ்களோடு வேலை. இலுப்பூர்ப் பக்கத்துச் சொந்த ஊருக்கு அவள் 'லேப்புப் புள்ள'. பஸ்ஸை விட்டு இறங்கினால் யாராவது ஒரு நோய்க் கிளையை நீட்டுவார்கள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வராது.

சித்தப்பா முறையான ரெங்கசாமியின் மிளகாய்க் கொல்லையில் இலைகளில் வைரஸ் தேமல் விழுந்தபோது, பிடுங்கப் போனவரைத் தடுத்தவள் அவள்தான். நுனியில் தேமல் இல்லாத தெளிந்த தளிர் விட்டிருந்தது.

"செடி சும்மா இருக்காது சித்தப்பா. வைரஸோட மரபுச்சரட்டத் துண்டு துண்டா நறுக்கும். அந்தத் துண்டையே அடையாளமா வச்சு மிச்சத்தையும் தேடி அழிக்கும். தானாத் தேறிடும், விடுங்க."

சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு.

தேறவில்லை. தளிர்கள் நூலாய்ச் சுருங்கின. அசுவினிப் பூச்சி நோயை அடுத்த கொல்லைக்கும் கொண்டுபோனது, அது ஆண்டிச்சாமியுடையது. அடையாளத் துண்டுகளையே கவ்வி மறைத்துவிடும் ஒரு புரதத்தை இவ்வகை வைரஸ் வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் அவள் நாள் முழுக்கப் பார்ப்பது அந்தப் புரதத்தைத்தான். செடியின் பலத்தை அளந்த வாய், வைரஸின் பதிலடியைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

அதன்பின் பஸ்ஸுக்குக் கொல்லையைத் தவிர்த்துக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனாள். ரெங்கசாமியோ, "எம் மக சொல்லியிருக்கு, தேறிடும்" என்று பிடுங்காமலே வைத்திருந்தார். ஆண்டிச்சாமியின் கொல்லையில் பாதி இன்னும் பச்சையாய் நின்றது. நோய்ச் செடிகளைப் பிடுங்காவிட்டால் அதுவும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நேராகக் கொல்லையில் இறங்கினாள். ரெங்கசாமி அங்கேதான் நின்றார். குனிந்து பிடுங்கத் தொடங்கினாள்.

"ஆத்தா, பூத்த செடிம்மா அது!"

"புடுங்கணும் சித்தப்பா. எல்லாத்தையும்."

வரப்பில் ஆண்டிச்சாமி வந்து நின்றார். "என்ன, லேப்பு வைத்தியம் முடிஞ்சுபோச்சாக்கும்? எங் கொல்லையையும் சேத்துல்ல கெடுத்துப்புட்டீங்க! அப்பவே புடுங்க வேணாம்னு சொன்னது யாருங்கிறேன்?"

ரெங்கசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நாந்தான்யா. புள்ள புடுங்கத்தான் சொல்லுச்சு. காய் ஆசையில நாந்தான் விட்டுப்புட்டேன்."

சத்யாவுக்குக் காதுமடல் சுட்டது. கையிலிருந்த செடியைக் கீழே போட்டாள். ஆண்டிச்சாமியின் முகத்துக்கு நேரே, வகுப்பில் 'யார் செஞ்சது?' என்ற கேள்விக்குத் தூக்குவதுபோல, மண் அப்பிய கையை உயரத் தூக்கினாள்.